பூ வண்டியில் தண்ணீர் போன வழி

அந்தக் கார் ஷெட்டுக்குள் வருவதற்கு முன்பே மல்லிகை வாசனை வந்துவிட்டது. நாகல் நகரில் எங்கள் ஷெட் இருந்த சந்துக்குள் சாதாரணமாக வேறு வாசனை எதுவும் நுழைய முடியாது. ஒரு பக்கம் கழிவு ஆயில், இன்னொரு பக்கம் வெல்டிங் பட்டறைப் புகை, எதிரே புரோட்டாக் கடை. அவ்வளவையும் தள்ளிக்கொண்டு மல்லிகை வந்தது. அதன் பின்னால் ஒரு வெள்ளை அம்பாசிடர், பானெட் இடுக்கிலெல்லாம் ஆவி விட்டபடி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு அக்கா. நாற்பதைத் தாண்டியிருக்கும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார். இறங்கியதும் கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டார்.

"பாய் இல்லையா?"

"மதுரைக்குப் போயிருக்காரு. அவுக வீட்டுல ஆபரேசன்."

"அப்ப நீ யாரு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் எப்போதும் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நாமக்கல்லில் லாரிக்குக் கிரீஸ் அடித்தேன். பழனியில் ஒரு லாட்ஜ் மெஸ்ஸில் பாத்திரம் கழுவினேன். ஓசூரில் ஒரு மெஷின் என் இடது மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. கம்பத்துக்குப் போகிற வழியில் திண்டுக்கல்லில் பஸ் மாற இறங்கினேன். பாய் ஷெட்டில் ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். தங்கிவிட்டேன். கார்களில் பின் சீட்டு நன்றாக இருக்கிற கார் எதுவோ அதில் படுத்துக்கொள்வேன். வேலை ஓரளவு தெரியும். லாரி வேலை. அம்பாசிடர் இன்ஜினைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"இங்க வேல பாக்குறேன்," என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறக்காமல் தன் கதையைத் திறந்தார். ஊர் வடமதுரைக்கு உள்ளே தள்ளி. வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலை, எப்போதாவது வருவார். இந்தக் கார் அவர் ஒரு காலத்தில் வாடகைக்கு ஓட்டியது. இப்போது அக்கா ஓட்டுகிறார், ஆட்களுக்குப் பதிலாகப் பூவை ஏற்றிக்கொண்டு. தன் தோட்டத்து மல்லியோடு இன்னும் நாலு வீட்டுப் பூவையும் விடியும் முன்னே திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். முன்னால் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு அங்கேயும் மூட்டை அடுக்குவார். திறந்த வண்டியில் காற்று அடித்தால் மொட்டு மலர்ந்துபோகும், மூடிய கார் என்றால் மொட்டு மொட்டாகவே வந்து சேரும் என்றார். கொடைக்கானலில் ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர் வாசலில் அழகுக்கு நிறுத்த இந்தக் காரைக் கேட்டாராம். "அழகுக்கா? என் பொழப்பே இதுலதான் நிக்கிது," என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

சங்கடம் இதுதான். சில மாதமாகவே கார் அவ்வப்போது கொதிக்கிறது. போன வாரம் இரண்டு முறை வழியில் நின்றுவிட்டது. பூ போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்து விலை இறங்கியிருந்தது. ஊரில் ஒரு மினி வேன்காரர் இதற்காகவே காத்திருக்கிறார். நாலு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி ஒரு கெடு சொல்லிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பெரிய முகூர்த்தம். அன்றைக்கு வண்டி ஒழுங்காகப் போனால் பூ அக்காவுக்கு, கொதித்தால் மறுநாளிலிருந்து மினி வேனுக்கு.

"என் ஒரு வீட்டுப் பூவ மட்டும் ஏத்தி வந்தா பெட்ரோலுக்கே காணாது தம்பி. அதுக்கு நான் பூவ தலையில வச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்துரலாம்."

காருக்குக் கீழே பார்த்தேன். கியர்பாக்ஸ் ஆரம்பிக்கிற இடத்துக்கு நேர் கீழே தரையில் தண்ணீர் ஒரு தட்டு அகலத்துக்குத் தேங்கியிருந்தது. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் ஆறட்டும் என்று காத்திருந்து மூடியைத் திறந்தேன். தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. ஒழுகுகிறது, கீழே கிடக்கிறது, உள்ளே குறைகிறது. இதைவிட நேரான கணக்கு வேறு என்ன இருக்கிறது? எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஹோஸ், கிளிப் எதுவாவது இருக்கும் என்று சட்டையைக் கழற்றினேன்.

ஹோஸ் எல்லாம் உலர்ந்திருந்தது. கிளிப் எல்லாம் இறுகியிருந்தது. வாட்டர் பம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவினேன், தூசிதான் ஒட்டியது. சரி, வெறும் தண்ணீர் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போகும், பச்சைக் கூலண்ட் ஊற்றினால் ஒழுகுகிற இடத்தில் கறை பிடித்துக் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்தேன். அதுவரை அந்தக் காருக்கு யாரும் கூலண்ட் ஊற்றியதில்லை. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். திறந்து பார்த்தபோதே உள்ளே உப்பு சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தது. பச்சையை ஊற்றி நிரப்பி ஸ்டார்ட் செய்து ஓடவிட்டேன். வெகு நேரம் ஓடியது. சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. வந்தபோது கிடந்த தண்ணீர்கூட உலர்ந்துவிட்டது.

அடியிலிருந்து வெளியே வந்தபோது மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒரு வண்டி சந்தில் நின்றால் திண்டுக்கல்லில் வைத்தியர்களுக்குப் பஞ்சம் வராது.

"ஒரு கை மஞ்சத்தூள ரேடியேட்டருக்குள்ள போடு அப்பு. எங்க ஓட்ட இருக்கோ அங்க போய் ஒக்காந்துக்கும்," என்றார் புரோட்டாக் கடைக்காரர்.

"ஏற்கனவே போட்டாச்சு," என்றார் அக்கா.

"எப்ப?"

"பங்குனியில. பெறகு வைகாசியிலயும்."

"அப்ப கறி மசாலாவையும் போட்டுக் கொழம்பாக் கூட்டிர வேண்டியதுதான்," என்றார் வெல்டிங் பட்டறைக்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஒழுகாத காருக்கு நான் என்ன வேலை செய்வது? ஓட்டிப்போங்கள், நாளைக்கு மார்க்கெட் முடிந்ததும் நேரே இங்கே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலம் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ வந்தது. எங்கோ போய்விட்டது.

மறுநாள் காலை கார் வந்தது. ஆவி இல்லை. ஆனால் நின்ற இடத்தில் அதே கியர்பாக்ஸுக்குக் கீழே அதே மாதிரி தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஓடிப்போய்க் கையில் பிடித்தேன். பச்சை இல்லை. தெளிந்த தண்ணீர். ரேடியேட்டரைத் திறந்தால் நாலு விரல் குறைந்திருந்தது. உள்ளே இருப்பது பச்சை. உள்ளே குறைகிறது. வெளியே வருவது வெள்ளை. நடுவில் யார் அதைச் சலவை செய்கிறார்கள்?

கூலண்டுக்கு ஒரு தித்திப்பான வாடை உண்டு. மெக்கானிக்குகள் பாதிக் கசிவை மூக்காலேயே பிடிப்பார்கள். அந்தக் காரில் மூக்கு வேலை செய்யாது. சீட்டு, கதவு, டேஷ்போர்டு, மேல் துணி எல்லாம் வருஷக்கணக்காக மல்லிகையைக் குடித்துக் கிடந்தன. என் உள்ளங்கைத் தண்ணீரை மோந்து பார்த்தேன். மல்லிகை. ஸ்பானரை மோந்து பார்த்தேன். மல்லிகை. என் அழுக்குச் சட்டையும் மல்லிகை. உள்ளே எட்டிப் பார்த்தேன். முன் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததை அக்கா கையால் துடைத்திருந்த கோடுகள் தெரிந்தன. மூட்டைகளை இறக்கிவிட்ட இடத்தில் தரை ஈரமாக இருந்தது. பூவுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், ஈரமாகத்தானே இருக்கும் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

பாய்க்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார். பின்னால் யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க சொட்டுது?"

"கியர்பாக்ஸ் மூக்குல, பாய்."

"ஓட்டி வந்தா சொட்டுது, நின்னா சொட்டல?"

"ஆமா."

"அப்ப பின்னால டம்மிதாம்ப்பா. வேற ஒண்ணுமே இல்ல. இன்ஜின எறக்கணும்."

டம்மி என்றால் இன்ஜின் உடம்பில் வார்ப்புக்காக விட்ட ஓட்டைகளை அடைத்திருக்கிற வட்டமான தகட்டு மூடி. துருப்பிடித்தால் ஊசித் துளை விழும். பக்கத்தில் இருக்கிற டம்மி என்றால் வெளியே தெரியும், மாற்றிவிடலாம். இன்ஜினின் பின்முகத்தில், கியர்பாக்ஸோடு சேருகிற இடத்தில் இருப்பது தெரியவே தெரியாது. இன்ஜினைத் தூக்கினால்தான் பார்க்க முடியும். கொதித்தால் பிரஷரில் கசியும், ஆறினால் உப்பு அடைத்துக்கொள்ளும். பாய் சொன்னது பொருந்தியது. பச்சை ஏன் வெள்ளையாகிறது என்பது மட்டும் பொருந்தவில்லை. அதைக் கேட்டேன்.

"அது கெடக்குது விடு. செயின் பிளாக் ஹூக்க இன்ஜின்ல மாட்டி வையி. ஞாயித்துக்கெழமை நான் வந்து கூட நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை. அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எறக்குனா வெள்ளிக்கெழமைக்கு வண்டி வராதுல்ல?"

"வராதுக்கா."

"எறக்கலேன்னா கொதிக்கும்."

"ஆமாக்கா."

"அப்ப ரெண்டுலயும் வேன்காரந்தான் ஜெயிக்கிறான்."

இன்ஜினைத் தூக்குகிற சங்கிலி பிளாக்கைக் கீழே இறக்கி ஹூக்கை இன்ஜினுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். மாட்டவில்லை. மாட்டினால் அக்காவின் வண்டி ஓட்டம் அன்றோடு நின்றது. மாட்டாமல் இருப்பதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை. இந்த மாதிரி ஒன்றும் புரியாமல் போகிற நேரத்தில்தான் நான் ஊரை விட்டுக் கிளம்புவது வழக்கம். கம்பம் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட மனசுக்குள் ஓடியது. அக்கா ஹூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, நின்ன வண்டியில பாத்தா தெரியல, ஓடுற வண்டியில பாத்திருக்கியா?"

"எப்படிப் பாக்குறது?"

"கூட வா. நாளைக்கு ஒரு நடை போயிட்டு வருவோம். நீ முன்னால ஒக்காந்து என்னத்தையும் பாத்துக்க. பெறகு எறக்குறதுன்னா எறக்கு."

பொழுது சாயும் முன்னே அக்காவோடு அதே காரில் ஊருக்குப் போனேன். மோட்டார் ரூமில் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார்கள். ராகிக் களியும் கத்தரிக்காய் வெஞ்சனமும் கிடைத்தது. நான் நன்றாகவே தூங்கினேன். எழுப்பியபோது தோட்டத்தில் நெற்றியில் டார்ச் கட்டிய பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வீட்டுப் பூவும் ஒவ்வொன்றாக ரோட்டோரத்துக்கு வந்து சேர்ந்தது. மூட்டைகளைப் பின் சீட்டில், டிக்கியில், பக்கத்து சீட்டு இருந்த இடத்தில் அடுக்கினார்கள். முன்பக்கம் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு, மூட்டைக்கு நடுவே உட்காரச் சொன்னார்கள்.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். மடித்து வைத்திருந்த ஒரு கனத்த கோணிச் சாக்கை எடுத்துவந்து, முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில், இன்ஜினையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கிற தகட்டுச் சுவரில் இரண்டு ஆணியில் திரை மாதிரி தொங்கவிட்டார். பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி மேலிருந்து நிதானமாக அதன் மேல் ஊற்றினார். முழுக் குடம்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஏன்? இன்ஜின் சூடு அந்தத் தகடு வழியா உள்ள வரும்ல. முன் மூட்டை வெந்து மொட்டு செவந்துபோகும். செவந்த மொட்ட மார்க்கெட்டுல தொடுவானா?"

"எம்புட்டு நாளா இப்படி?"

"பூ ஏத்த ஆரம்பிச்ச நாள்லருந்து."

"ஷெட்டுக்கு வரும்போது இந்தச் சாக்கு எங்க?"

"மார்க்கெட்டுலயே அலசிப் பிழிஞ்சு டிக்கியில போட்டுருவேன். ஈரச் சாக்கு உள்ளயே கெடந்தா நாறும்ல."

நான் இறங்கிக் காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கார் இன்னும் கிளம்பவே இல்லை. இன்ஜின் ஜில்லென்று இருந்தது. கால் வைக்கிற தகட்டில் துரு தின்ற ஓட்டைகள். அவற்றின் வழியாகத் தண்ணீர் இறங்கி, கியர்பாக்ஸ் மூக்கில் வடிந்து, அங்கிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். மல்லிகை வாசனையுள்ள தண்ணீர்.

இரண்டு நாளாக நான் மல்லாந்து படுத்துப் பார்த்தது பூவின் தண்ணீரை. இதற்காகத்தான் இன்ஜினை இறக்கப் போனோம். எனக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை.

"இத ஏன்க்கா சொல்லல?"

"நீ கேட்டியா? வண்டி ஒழுகுதான்னு கேட்ட. சாக்கு ஒழுகுதான்னு கேட்டியா?"

ஆனால் அது பாதிதான். கீழே விழுந்தது சாக்குத் தண்ணீர் என்றால், உள்ளே குறைந்த தண்ணீர் எது? கீழே விழுந்த தண்ணீருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. குறைந்த தண்ணீர் போன வழி மட்டும் முன்பைவிட மோசமாக மறைந்துகொண்டது. அதுவரை ஒரு குட்டையாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கிளம்பினோம். நாலு வழிச் சாலையில் ஏறியதும் லாரிகள் கண்ணாடியை உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன. அக்கா சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் ஒரே வேகத்தில் ஓட்டினார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் நெருங்கும்போது முள் மெல்ல ஏறியது. முன் கண்ணாடியில் ஆவி படிந்தது. அக்கா கையால் துடைத்தார்.

"இது எப்பவும் வருமா?"

"சாக்கு ஆவி."

நானும் சாக்கு ஆவி என்றே நினைத்தேன். ஆனால் ஒரே ஒரு முறை, லாரி ஒன்று குறுக்கே வந்து அக்கா பிரேக் அடித்தபோது, மல்லிகைக்கு நடுவே ஒரு நொடி வேறு ஏதோ தித்தித்தது. மறுபடி மோந்தேன். மல்லிகைதான். கற்பனையாகவும் இருக்கலாம்.

மார்க்கெட்டில் மூட்டைகளை இறக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்காவும் ஓடினார். "இன்ஜின ஆஃப் பண்ணாதீங்க," என்று கத்தினேன். ஈரச் சாக்கைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள், கூடைகள், "வழி வழி" என்ற சத்தம். பின்பக்கம், தகட்டுச் சுவருக்கும் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி. அங்கே கண் போகாது. காரின் பக்கக் கண்ணாடி ஒன்று ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி அந்த இடைவெளியில் சாய்த்துப் பிடித்தேன்.

ஹெட்டின் பின்முனையிலும் ஒரு டம்மி இருக்கிறது. அதைப் பற்றி நானும் நினைக்கவில்லை, பாயும் சொல்லவில்லை. அதன் ஓரத்தில் ஒரு பச்சை மணி திரண்டது. கொஞ்சம் பெரிதானது. நழுவி விழுந்தது. கீழே சைலன்சர் பைப் கொதித்துக்கொண்டிருந்தது. சுர்ரென்று ஒரு சத்தம், ஒரு இழை ஆவி, அவ்வளவுதான். தரைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அடுத்த மணி திரண்டது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ஒரு கூடைக்காரர் முழங்கையால் இடித்தார். "என்னலே, உள்ள சாமி தெரியுதா?"

பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "நானும் டம்மின்னுதான சொன்னேன்," என்றார்.

இந்த டம்மிக்கு இன்ஜினை இறக்க வேண்டாம். ஆனால் சுத்தியல் வீச இடமில்லை. காரை ஷெட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீரை வடித்துவிட்டு, பழைய மூடியின் துளையை ஒரு ஆணியால் பெரிதாக்கி, வளைத்த கம்பியைக் கொக்கியாக விட்டு இழுத்தேன். என் நுனியில்லாத விரல் அன்றைக்கு உதவியது. அந்த இடுக்குக்குள் அதுதான் முட்டாமல் திரும்பியது. மூடி வெளியே வந்தபோது உட்புறம் மஞ்சளும் உப்பும் சேர்ந்து கெட்டியாக அப்பியிருந்தது. பங்குனி மஞ்சளும் வைகாசி மஞ்சளும். ஆறினால் துளையை அடைத்துக்கொண்டிருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாளில் நான் நிச்சயமாகச் சொன்னது எதுவும் நிற்கவில்லை.

புது மூடியைக் கடையில் வாங்கி, பசை தடவி, ஓட்டையின் வாயில் பொருத்திவைத்தேன். அடிக்க முடியாததால் நெட்டித் தள்ளினேன். ஒரு போல்ட்டும் நட்டும் எடுத்து, ஒரு பக்கம் தகட்டுச் சுவரில் மரக்கட்டை வைத்து, மறு பக்கம் மூடியில் வைத்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நீளமாக்கினேன். குட்டி ஜாக்கி மாதிரி. ஒரு கட்டத்தில் தகட்டுச் சுவர் 'டொம்' என்று உள்ளே பிதுங்கியது. மூடியும் உட்கார்ந்தது. எது முதலில் நடந்தது என்று பார்க்கவில்லை. பச்சை ஊற்றி, சந்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டி, சூடாக்கி, கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

அதற்குள் பொழுது போய்விட்டது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

அக்கா கூப்பிட்டதால் அன்றும் ஊருக்குப் போனேன். விடியும் முன்னே ரோட்டோரத்தில் நாலு வீட்டு மூட்டைகளும் இருந்தன. பக்கத்தில் மினி வேனும் நின்றது. வேன்காரர் அதில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை என்பது போல நின்றார்.

மூட்டைகளைப் பாதி ஏற்றியதும் அக்கா சாக்கைக் கட்டித் தண்ணீர் ஊற்றினார். காருக்குக் கீழே சொட்டு விழுந்தது. எல்லா டார்ச்சும் அங்கே திரும்பின.

"இன்னும் ஒழுகுதேத்தா," என்றார் ஒரு வீட்டுக்காரர்.

"அது சாக்குத் தண்ணி மாமா."

"இத்தன நாளும் சாக்குத் தண்ணின்னா எதுக்குக் கொதிச்சுச்சு?"

"அது வேற தண்ணி," என்றேன் நான். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது.

"ரெண்டு தண்ணியா?" என்றார் வேன்காரர் டீயைக் குடித்துக்கொண்டே. "ஒரு தண்ணிக்கே வண்டி நின்னுச்சு. சரிதான்."

நான் பைப், டம்மி, பச்சை மணி என்று விளக்க ஆரம்பித்தேன். எவ்வளவு பேசினேனோ அவ்வளவுக்குப் பொய் மாதிரி இருந்தது. அவர்கள் என் வாயைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டம்மா தன் மூட்டையைக் காலால் மெல்ல வேன் பக்கம் நகர்த்தினார்.

அக்கா காருக்குள் குனிந்தார். ஈரச் சாக்கைக் கழற்றி எடுத்து ரோட்டோரத்துப் புதரில் வீசினார். கந்தலை எடுத்துத் தரைத் தகட்டைத் துடைத்தார். பிறகு முன்னால் ஏற்றியிருந்த மூட்டைகளை இறக்கி, அவற்றைப் பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் மாற்றினார். தன் தோட்டத்து மூட்டைகளை எடுத்து முன்னால், தகட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினார்.

"உங்க பூவெல்லாம் பின்னால. முன்னால என் பூ. செத்த நேரம் நின்னு கீழ பாத்துக்கங்க. சொட்டுச்சுன்னா வேன்ல ஏத்துங்க."

நின்றார்கள். டார்ச் வெளிச்சத்தில் எல்லாரும் காருக்கு அடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும் பார்த்தேன். ஒழுகாது என்று எனக்குத்தானே தெரிய வேண்டும்? ஆனாலும் குனிந்தே நின்றேன். ஏற்கனவே விழுந்த ஈரம் மண்ணில் மங்கிக்கொண்டே போனது. புதிதாக ஒன்றும் விழவில்லை. அந்த அம்மா மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்தார்.

வழியில் முள் நடுவை விட்டு அசையவில்லை. கண்ணாடியில் ஆவி இல்லை. முன்னால் சூடு மட்டும் தகடு வழியாக என் முழங்கால் வரை வந்தது. நான் மூட்டைகளை என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பெரிய பிரயோஜனம் இல்லை.

மார்க்கெட்டில் நாலு வீட்டுப் பூவும் வெள்ளை வெளேரென்று இறங்கியது. முகூர்த்த நாள், வந்ததும் அள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவின் மூட்டையைப் பிரித்த தரகர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். சுவரை ஒட்டி வந்த பக்கம் மொட்டெல்லாம் நுனியில் சிவந்திருந்தது. கையை உதறிவிட்டு, "இது ஆகாதுத்தா, செண்ட்டுக்கு எடுக்குறவன்கிட்டப் போடு," என்றார்.

"போட்டுக்குவோம்," என்றார் அக்கா.

நான் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு விரல் குறைந்திருந்தது. கண்ணாடியை விட்டு எல்லா இடத்தையும் பார்த்தேன். எங்கும் ஈரமில்லை. விளிம்பு வரை ஊற்றினால் சூட்டில் பொங்கி மேல் குழாய் வழியாகக் கொஞ்சம் போகும் என்று பிறகு பாய் சொன்னார். அப்படியும் இருக்கும். அப்போது எனக்கு அது தெரியாது. அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, சரியாத்தான இருக்கு?"

"ஒரு விரல் கொறஞ்சிருக்குக்கா. எங்க போச்சுன்னு தெரியல."

"நாலு வீட்டுக்காரங்களும் இங்கதான் நிக்கிறாங்க. மெதுவாப் பேசு," என்றார் அக்கா. தன் சிவந்த மூட்டையைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு செண்ட் வியாபாரி இருக்கிற மூலைக்கு நடந்தார்.

அடுத்த வாரம் அவர் ஷெட்டுக்கு வந்தபோது காருக்குக் கீழே வழக்கம்போலச் சொட்டிக்கொண்டிருந்தது. சாக்கைத் திரும்பக் கட்டிவிட்டாராம். வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"இல்லையே. அன்னிக்கு நல்ல வெல கெடச்சுதுல்ல. இப்ப யாரும் கீழ பாக்குறதில்ல."